அணை நேரம், நம்ம நேரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் இரண்டாயிரத்து இருநூறு கன அடி.

கண் திறந்ததும் பல்கூட விளக்காமல் போனில் அணை நிலவரம் பார்க்கிறேன். பல் செட் செய்து பிழைக்கிறவன் இப்படிச் செய்யலாமா என்று என் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

ஜனவரியில் அணையில் ஒரு டர்பைனைப் பிரித்துப் போட்டார்கள். அது சரியாகும்வரை அதன் வழியாகக் கால்வாய்க்குப் போகவேண்டிய தண்ணீரையும் மதகு வழியாக ஆற்றிலேயே திறந்துவிடுகிறார்கள், இரவும் பகலும். ஐந்நூறுக்குக் கீழே இருந்தால்தான் நான் ஆற்றுக்குள் நடந்துபோய் நின்று தூண்டில் வீச முடியும். இந்தத் தண்ணீரில் இறங்கினால் என்னை அடுத்த ஊரில்தான் எடுப்பார்கள்.

பட்டறைக்குப் போகும் வழியில் பாலத்தில் நின்றேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். கலங்கியிருந்தாலாவது மனசு அடங்கும். ஆற்று வளைவின் நடுவில் இருக்கும் கூழாங்கல் திட்டில் ஒரு கட்டில் அகலத்துக்கு மேடு மட்டும் வெளியே தெரிகிறது. மீனெல்லாம் கரையோர வேர்களுக்குள் ஒதுங்கியிருக்கும். அங்கே வீசினால் வேரைத்தான் பிடிக்கலாம். இது தெரிந்தும் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

மார்ச் 5, வியாழன்

இதை இங்கேயாவது ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. இங்கே இத்தனை வருஷமாகக் கை கால் முறிந்து வருகிறவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய ஊர். அங்கே ஆறு கிடையாது, நான் தேடிப் பார்த்துவிட்டேன். ஏரி ஒன்று இருக்கிறது. அதில் வாத்து மாதிரி செய்த படகு விடுகிறார்கள்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி அவள் சேர வேண்டும். நானும் கூடப் போகிறேனா, இல்லையா? ஜனவரியிலேயே கேட்டாள். "தண்ணி இறங்கட்டும், யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள் ஆற்றில் நிம்மதியாக நின்றால் மனசு தெளிந்துவிடும், முடிவு தானாக வந்துவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். இன்னும் நம்புகிறேன். அந்த ஒரு நாளைத்தான் அணைக்காரன் தரமாட்டேன் என்கிறான்.

நான் சொன்ன அந்த வார்த்தை இப்போது வீட்டில் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. குழாய் ஒழுகுகிறது என்று நான் சொன்னால், "தண்ணி இறங்கட்டும்" என்கிறாள். அவள் அண்ணன், அதாவது என் மச்சான், என்னிடம் கடன் வாங்கிய ஏணியை எப்போது திருப்பித் தருவாய் என்று நான் கேட்டதற்கு அவனும் அதையே சொல்கிறான். சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

பட்டறையில் இன்று ஒரு செட்டைக் கெடுத்தேன். இடது கோரைப்பல்லை வலதில் வைத்து மெழுகில் பதித்துவிட்டேன். முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கடைவாய். எப்போதும் பின்னால் உட்கார்ந்து அரைத்துக்கொண்டே இருப்பார். அந்தச் செட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை மாட்டிக்கொண்டால் அந்தப் பெரியவர் கண்ணாடியில் யாரைப் பார்த்து வணக்கம் சொல்வார் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிரித்து மறுபடி வைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மெழுகுக் கத்தியை வைத்துக்கொண்டு மூன்று ஈ கட்டினேன். என்னுடையது புழு கோர்க்கிற தூண்டில் இல்லை. சின்னக் கொக்கியில் இறகும் நூலும் சுற்றி ஈ மாதிரி, கொசு மாதிரி செய்து, அதைத் தண்ணீரின்மேல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுவது. பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவேன். "விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கிறீங்க?" என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். இன்றுவரைக்கும் பிடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கிறேன்.

டப்பாவில் இப்போது ஈ வைக்க இடம் இல்லை. ஆற்றுக்குப் போகாத கை சும்மா இருக்காமல் கட்டிக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

இரண்டாயிரத்து இருநூறு. அவ்வளவுதான்.

மார்ச் 14, சனி

கரண்டு வந்திருந்தான். எலக்ட்ரீஷியன், ஆற்றில் எனக்கு ஒரே துணை. அணை அலுவலகம் புதிதாக ஒரு ஆப் விட்டிருக்கிறது என்று என் போனைப் பிடுங்கி ஏற்றிக் கொடுத்தான். ஊர் எது என்று அது கேட்டது, அவனே பட்டியலில் எங்கள் வளைவைத் தட்டினான். தண்ணீர் எப்போது குறையும், எப்போது கூடும், எல்லாம் முந்தின நாளே வந்துவிடுமாம். இனிமேல் அலுவலகத்துப் பலகையைப் போய்ப் பார்க்க வேண்டாம் என்றான்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. பதினொரு மணிக்குத் தண்ணி என்று யாராவது சொன்னால், "அணையா, நம்மளா?" என்று கேட்போம். மதகு திறந்த தண்ணீர் வளைவுக்கு வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகும். பலகையில் எழுதுவது அணை நேரம். அதோடு ஒன்றரை கூட்டினால் நம்ம நேரம். துணி துவைக்கிறவர்கள், மணல் அள்ளுகிறவர்கள், எல்லோருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். வெளியூரிலிருந்து மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். கொஞ்சம் மிடுக்காகவே சொல்லிக்கொடுப்பேன்.

மகள் ஹாஸ்டலிலிருந்து பேசினாள். அம்மா என்னென்ன எடுத்துப்போகிறாள் என்று விசாரித்துவிட்டு, "அப்பா, அம்மா போறது உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள். இது என்ன கேள்வி? தெரியாமலா. தெரியும்.

மார்ச் 20, வெள்ளி

ஹாலில் இரண்டு பெட்டி, ஒரு அட்டைப்பெட்டி. அவளுடைய புத்தகங்கள், அவளுடைய போர்வை, குளியலறையில் இருந்த அவளுடைய சின்ன நாற்காலி. என் சாமான் எதையும் தொடவில்லை. எடுத்து வைத்திருந்தாலாவது ஏன் எடுத்தாய் என்று சண்டை போட்டிருக்கலாம்.

இருபத்தெட்டாம் தேதி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாளாம். ஒன்றுதான். நான் எதிரே நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னாள், குரலில் கோபம் இல்லை. நீங்க வந்தா இன்னொண்ணு எடுத்துக்கலாம், அந்தப் பஸ்ஸுல எப்பவும் இடம் இருக்கும் என்றாள்.

எனக்கு என்ன பயம்? எழுதிப் பார்க்கிறேன். இங்கே எந்தக் கடையில் நுழைந்தாலும், "என்ன, தண்ணி எப்படி?" என்று கேட்கிறார்கள். அங்கே நான் யார்? எக்ஸ்ரே அம்மாவின் புருஷன். ஞாயிற்றுக்கிழமை வாத்துப் படகில் உட்கார்ந்து மிதிக்கலாம்.

சரி, இங்கேயே இருந்தால்? அவள் இல்லாத இந்த வீடு? அதை நினைத்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது. நடந்தேன். சமையலறைவரை போய்விட்டுத் திரும்பினேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஆயிரத்து எண்ணூறு! குறைகிறது.

மார்ச் 27, வெள்ளி

டர்பைன் வேலை முடிகிறதாம். நாளை காலை சோதனைக்காக மதகை அடைக்கிறார்கள். ஆப்பில் வந்துவிட்டது: விடியற்காலையிலிருந்து நானூறு, ஒன்பதரைக்கு மறுபடி கூடும். ஒன்பதரையோடு ஒன்றரையைக் கூட்டினால் பதினொன்று. பத்து மணிக்குக் கரையேறினால்கூட ஒரு மணி நேரம் கையில் இருக்கும்.

அவள் பஸ் பதினொன்றரைக்கு. மச்சான் வேன் கொண்டுவருகிறான்.

நாளைக்கா, அதுவும் நாளைக்கா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் மூன்று மாதமாகக் காத்திருந்த அந்த ஒரு நாள் இதுதான். திட்டில் நின்று யோசித்து, முடிவோடு வந்து, பஸ்ஸில் ஏறுவதற்குமுன் அவளிடம் சொல்லிவிடலாம். அவளிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "போயிட்டு வாங்க. நேரத்துக்கு வந்துடுங்க" என்றாள்.

வந்துடுவேன்.

மார்ச் 28, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

விடியும்போது ஆறு நான் மறந்தே போயிருந்த மாதிரி இருந்தது. அடியில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து திட்டுக்குப் போனேன். அணையின் அடியிலிருந்து வருகிற தண்ணீர், ரப்பர் உடுப்பையும் தாண்டிக் குளிர்ந்தது. தண்ணீர் குறைந்தவுடன் பூச்சி பறக்க ஆரம்பித்துவிட்டது, ட்ரவுட் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது. மூன்றாவது வீச்சில் ஒன்று. பிறகு ஒன்று. மூன்று மாதத்துப் பட்டினி எனக்கா மீனுக்கா தெரியவில்லை.

யோசிக்கத்தான் போனேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தூண்டில் கம்பைப் பின்னால் கொண்டுபோய், நூல் நீளும்வரை பொறுத்து, முன்னால் விடுவது, அவ்வளவுதான் தலைக்குள் இருந்தது. அவள் இல்லை, ஊர் இல்லை, பஸ் இல்லை.

முதலில் சருகு வந்தது. மேலிருந்து கொத்தாக மிதந்து வந்தது. அப்புறம் குச்சி, நுரை. காய்ந்து வெளுத்திருந்த கல் ஒன்று என் கண் முன்னாலேயே கறுத்தது. மணியைப் பார்த்தேன். ஒன்பதரை. இருக்கவே முடியாது, இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று சத்தமாகவே சொன்னேன். யாரிடம் சொன்னேன்? தண்ணீரிடமா?

அப்புறம்தான் உறைத்தது. ஆப்பில் போட்டிருந்தது அணை நேரம் இல்லை. நம்ம நேரம். அன்றைக்கு ஊர் எது என்று அது கேட்டது அதற்குத்தான். ஒன்றரையை அதுவே கூட்டிவிட்டது. நான் மறுபடியும் கூட்டினேன். கரண்டு எனக்கு ஏற்றிக் கொடுத்தது ஆப் இல்லை, ஆப்பு. இல்லை, அவனைச் சொல்லி என்ன. அணையா நம்மளா என்று ஊரெல்லாம் கேட்கிற மடையன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

கரைக்கு ஓடப் பார்த்தேன். தொடைவரை வந்து இழுத்தது. திரும்பி மேட்டுக்கே ஏறிவிட்டேன். கட்டில் அகலத்து மேடு, சுற்றிலும் தண்ணீர். உயிருக்கு ஆபத்தில்லை, அது எனக்குத் தெரியும். மத்தியானத்துக்குமேல் மறுபடி மதகை அடைக்கும்வரை நகரவும் முடியாது, அதுவும் தெரியும்.

போன் பண்ணினேன். மச்சான் அட்டைப்பெட்டியை ஏற்றுகிற சத்தம் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"திட்டுல."

"தண்ணி வந்துருச்சா?"

"வந்துருச்சு. நான் கணக்கை..."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்றேன். சரி என்றாள். வைத்துவிடுவாள் என்று பயம் வந்தது. அந்தப் பயத்திலேயே சொன்னேன். "நானும் வர்றேன். உன்கூட வர்றேன். இன்னைக்கு இல்லாட்டியும் வர்றேன்."

"ஆத்து நடுவுல நின்னுக்கிட்டுச் சொல்றதையெல்லாம் நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன்" என்றாள். திட்டவில்லை, நோயாளியிடம் மூச்சை இழுத்துப் பிடிங்க என்று சொல்வாளே, அந்தக் குரல். "கரைக்கு வந்து சொல்லுங்க."

வெளியூர் பஸ் எல்லாம் அந்தப் பாலத்தில்தான் போக வேண்டும். திட்டிலிருந்து பாலம் நன்றாகத் தெரியும். பஸ் வந்தது. கம்பைத் தூக்கி ஆட்டினேன். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாளோ. பார்த்தவர்கள் இவன் ஜாலியாக மீன் பிடிக்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

கரைக்கு வந்துவிட்டேன். சொல்லவில்லை.

ஊர் வந்து சேர்ந்தேன் என்று அவள் போனில் பேசினாள். மாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறாளாம், காற்று வருகிறதாம். நீங்க எப்ப வந்தீங்க கரைக்கு என்றாள். மூன்று மணிக்கு என்றேன். அவள் காத்திருந்தாள், எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னேன்.

ஏன்டா இப்படி இருக்க நீ?

ஏப்ரல் 1, புதன்

இன்று அவள் வேலையில் சேர்ந்திருப்பாள். இங்கே முந்நூற்றைம்பது, காலையும் மாலையும் ஒரே அளவு. டர்பைன் சரியாகிவிட்டது. இந்த மாதம் முழுக்க இப்படித்தான் இருக்குமாம். தெளிவு, குளிர்ச்சி, பூச்சி, எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. கரண்டு துள்ளுகிறான். பட்டறைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், வந்தபின் ஒரு மணி நேரம் என்று போய்க்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 4, சனி

என் முழங்கைக்கும் நீளமான ட்ரவுட். பதினைந்து வருஷத்தில் இப்படி ஒன்று வாய்த்ததில்லை. கரண்டு படம் எடுத்தான். அவளுக்கு அனுப்பினேன். ‘நல்லா இருக்கு’ என்று பதில் வந்தது.

முன்பெல்லாம் வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிடுவேன். எப்படி வந்தது, எப்படித் திரும்பியது, நூல் எங்கே சிக்கியது என்று. அவள் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு ம், ம் என்பாள். தூங்கிவிட்டாள் என்று நிறுத்தினால், "அப்புறம்?" என்பாள்.

இன்று ஹாலில் விளக்கைப் போட்டேன். சோபாவைப் பார்த்தேன். விளக்கை அணைத்தேன்.

ஏப்ரல் 8, புதன்

மேலே ஒரு மீன் எழும்பி எழும்பி இறங்கிக்கொண்டிருந்தது, கைக்கெட்டும் தூரம். ஈயைச் சரியாக அதன் மூக்குக்கு முன்னால் போட்டேன். அது எடுத்தது. நான் பார்க்கவில்லை. அவள் ஏதாவது அனுப்பியிருக்கிறாளா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பவில்லை. நிமிர்ந்தபோது நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற கரண்டு, "அண்ணே, நீங்க இங்க இல்லண்ணே" என்றான்.

கரையேறி உடுப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். இனி சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். எனக்கு அவள் வேண்டும். ஆறு பிடிக்கும். அவள் வேண்டும். ஒரு நல்ல நாள் கிடைத்தால் தெளிந்துவிடும் என்று நினைத்தேனே, நல்ல நாள் வரிசையாக எட்டு வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் இதையேதான் சொன்னது, நான்தான் காதில் வாங்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

கடைவாயிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அரைப்பதை நிறுத்தினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பல்லு இங்க மட்டுமா விழுது? எல்லா ஊர்லயும் விழும். போய்ப் பொழச்சுக்க" என்றார். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் இருக்கிறாராம், பேசி வைக்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்தே, அங்கேயாவது கோரைப்பல்லைச் சரியான பக்கம் வை என்று சத்தம் வந்தது.

அவளிடம் சொல்லவில்லை. போனில் ஒருமுறை சொல்லியாயிற்று. இதை நேரில்தான் சொல்ல வேண்டும்.

விலாசத்தை மச்சானிடம் கேட்டேன். சிரிக்கவில்லை. எழுதிக்கொடுத்துவிட்டு, ஏணியை நானே கொண்டுவந்து போடுகிறேன் என்றான்.

ஏப்ரல் 13, திங்கள்

பஸ்ஸில் ஒரு பகல். முதுகு விட்டுப்போயிற்று.

தெருவைக் கண்டுபிடித்துவிட்டேன். பச்சை கேட், ஓரமாக இரும்புப் படி. கீழே வீட்டுக்காரம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தார். மாடியில் இருக்கிறவங்க வேலைக்குப் போயிருக்காங்க, நீங்க யாரு என்று கேட்டார். சொன்னேன். என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓ, நீங்கதானா அந்த இன்னொரு ஆளு? ரெண்டு பேருன்னு சொல்லித்தானே வீடே எடுத்தாங்க. வந்த அன்னைக்கே சொன்னாங்க. எப்ப வருவாருன்னு கேட்டேன். அது அவருக்கே தெரியாதும்மா, ஆனா வந்துடுவாருன்னாங்க."

உள்ளே போய் இன்னொரு சாவி எடுத்துவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். திறக்கவில்லை. இரும்புப் படியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தெருமுனையில் வருகிறாள். ஒரு தோளில் பை, நடையில் களைப்பு. என்னை இன்னும் பார்க்கவில்லை.